கணினி வலையின் வாயிற்காவல்

தருமபுரி மாவட்டத்து மொரப்பூர், ஜோலார்பேட்டையினின்று சேலம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊராகும். 1861-இல் திருப்பத்தூருக்கும் சேலத்துக்கும் இடையே திறக்கப்பெற்ற அப்பாதை இன்றளவும் இயங்கி வருகின்றது. 1906-இல் மொரப்பூரினின்று தருமபுரிக்கு இரண்டரை அடி அகலமுள்ள சிறுபாதை ஒன்றும் இடப்பெற்றது. 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941-இல், மூடப்பெற்றது. இவ்விரு பாதைகளையும் மனத்திற் கொள்வோமாயின், இக்காலத்துக் கணினி வலைகளைக் காக்கும் கலையின் முதற்பாடம் எளிதில் விளங்கும்.

ஒரு பாதையில் வண்டி ஓடாமைக்குக் காரணம் இருவகைப்படும். மேலோர் ஆணையால் மூடப்படுதல் ஒன்று. ஆணைப்படி திறந்திருந்தும் வெள்ளத்தாலோ மண்சரிவாலோ அறுபடுதல் மற்றொன்று. ஓசூர்ச் சிறுபாதை முதல் வகையது. பெரும்பாதை ஒருநாள் மழையால் தடைப்படுமாயின் அஃது இரண்டாம் வகையதாம். முன்னதற்கு எவரும் ஓடிச்சென்று பழுது பார்க்க வேண்டுவதில்லை. பின்னதற்கோ ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. ஓடாமை ஒன்றேயாயினும் செய்யற்பாலது வேறாதலின், இவ்விரண்டனையும் பிரித்தறிதல் இன்றியமையாததாகின்றது.

இனி, கணினி வலைக்கு வருவோம். கணினிகள் செய்தி பரிமாறும்பொருட்டு ஒன்றோடொன்று இணைக்கப்பெற்ற அமைப்பே வலையமைப்பாம். அதன் சந்திகளில் ஸ்விட்ச், ரவுட்டர் என்னும் பொறிகள் நிற்கும். கம்பியோ கண்ணாடியிழையோ வந்து பொருந்தும் வாயில்கள் ஒவ்வொரு பொறியிலும் உள. ஆங்கிலத்தார் இன்டர்பேஸ் என்பதனை ஈண்டு வாயில் என்றே வழங்குவோம். பாரத்நெட் திட்டத்தின் தமிழ்நாட்டுப் பகுதி, 12,525 கிராம ஊராட்சிகளைக் கண்ணாடியிழையால் இணைத்தலை நோக்கமாகக் கொண்டது. ஊராட்சிக்கு ஒரு வாயிலே எனக் கொள்ளினும், அத்துணையையும் நேரிற் சென்று பார்த்தல் எவர்க்கும் இயலாது. ஆதலின் ஓரிடத்திருந்தே எல்லா வாயில்களையும் நோக்கும் மேலாண்மை மென்பொருள் வேண்டப்படுகின்றது.

இது பொறியாளர்க்கே உரிய செய்தி, நமக்கென்ன என்று கருதுவோர் உளராயின், அவர் ஏதேனும் ஒரு கிராமத்து இ-சேவை மையத்தின் வாயிலில் ஒரு முற்பகல் நின்று பார்ப்பாராக. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்த மூதாட்டியும், சாதிச் சான்றுக்கு வந்த மாணவனும், "சர்வர் இல்லை, நாளை வாருங்கள்" என்ற விடையுடன் மீள்வதுண்டு. உண்மையில் சர்வர் செவ்வனே இயங்கிக்கொண்டிருக்க, அறுந்தது அடுத்த ஊரின் கண்ணாடியிழையாக இருக்கலாம். நின்றது மின்சாரமாக இருக்கலாம். பழுது எங்குளது என்று கூறவல்லார் இல்லாதவழிப் பழி எல்லோர்மேலும் படும். பணியோ எவராலும் நடவாது. நாட்கூலி இழந்து மீள்வோர்க்கு இது சிறிய துன்பமன்று.

தொலைவிலுள்ள பொறியின் நிலையை அறிவது எங்ஙனம்? 1988-இல் ஜெப்ரி கேஸ் முதலிய அமெரிக்க அறிஞர் நால்வர் எஸ்.என்.எம்.பி. என்னும் உரையாடல் விதியை வகுத்து வெளியிட்டனர். இவ்விதிப்படி, ஒவ்வொரு பொறியினுள்ளும் ஏஜென்ட் எனப்படும் சிறு மென்பொருள் ஊர்க்கணக்கனைப் போல அமர்ந்து கணக்கு வைத்திருக்கும். மேலாண்மை மென்பொருள் குறித்த கால இடைவெளியில் அதனை வினவ, அது விடை பகரும்.

அவ்வினாக்களுள் முதலாவது வாயிலின் நிலை பற்றியது. ஏஜென்ட் இதற்கு இரு விடை தரும். வாயில் எந்நிலையில் இருக்கவேண்டும் என்று நிர்வாகி ஆணையிட்டுள்ளார் என்பது ஒன்று. உண்மையில் எந்நிலையில் உளது என்பது மற்றொன்று. ஆணையும் மூடல், நிலையும் மூடலெனின் அது ஓசூர்ச் சிறுபாதை போன்றது, கவலைக்கு இடமில்லை. ஆணை திறப்பாகவும் நிலை மூடலாகவும் இருப்பின், அஃதே அறுபட்ட பாதை. மென்பொருள் உடனே எச்சரிக்கை எழுப்பும்.

ஆணையும் திறப்பு, நிலையும் திறப்பெனின் எல்லாம் நலமென்று கொள்ளலாமோ எனின், அற்றன்று. திருமறையில் வரும் பத்துக் கன்னியர் உவமையை அன்பர்கள் அறிவர். பதின்மர் கையிலும் விளக்கு இருந்தது. ஐவரிடமே போதிய எண்ணெய் இருந்தது. விளக்கு உண்டா என்று மட்டும் வினவினால் பதின்மரும் ஒரு தன்மையராகவே தோன்றுவர். அவ்வாறே வாயில் திறந்துளது என்பதைக்கொண்டு அதன்வழிச் செய்தி இனிது செல்கின்றது என்று துணிதலாகாது. ஆகவே ஓட்டத்தையும் அளத்தல் வேண்டும்.

ஓட்டத்தை அளக்கும் முறை மின்சார மீட்டரைப் படித்தல் போன்றது. இதுகாறும் தன்வழிச் சென்ற பைட்டுகளின் மொத்த எண்ணிக்கையை ஒவ்வொரு வாயிலும் வைத்திருக்கும். முற்பகல் 10 மணிக்கு அவ்வெண் 120 கோடி எனவும், 10 மணி 5 நிமிடத்தில் 157 கோடியே 50 லட்சம் எனவும் கொள்வோம். வேறுபாடு 37 கோடியே 50 லட்சம் பைட். பைட் ஒன்றுக்கு 8 பிட் ஆதலின் 300 கோடி பிட். இதனை 300 வினாடியால் வகுக்க, வினாடிக்கு ஒரு கோடி பிட், அதாவது 10 மெகாபிட் எனக் கிடைக்கும். கம்பியின் கொள்ளளவு 100 மெகாபிட்டாயின் பத்திலொரு பங்கே பயன்படுகின்றது. 10 மெகாபிட்டேயாயின் வழி நிரம்பித் ததும்புகின்றது. எண் ஒன்றே, பொருள் வேறு. கொள்ளளவு அறியாதார் கூறும் அளவு பயன்படாது.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் உள. முதலாவது, பெற்றது ஐந்து நிமிடச் சராசரியே. 100 மெகாபிட் கம்பி முப்பது வினாடி முற்றும் நிரம்பி, எஞ்சிய நேரம் வெறுமையாக இருப்பினும் விடை பத்திலொரு பங்கேயாம். அம்முப்பது வினாடியில் இடருற்றவன் துன்பம் சராசரியில் மறைந்துவிடும். இரண்டாவது, பழைய 32 பிட் எண்ணி ஏறத்தாழ 429 கோடி வரையே எண்ணும். பின்பு பூச்சியத்திலிருந்து தொடங்கும். வினாடிக்கு ஒரு கிகாபிட் முழுதும் ஓடுமாயின் 34 வினாடியில் அது சுற்றிவரும். ஐந்து நிமிடத்துக்கொருமுறை படிப்பவன் பொய்க்கணக்கே பெறுவான். 64 பிட் எண்ணியோ அவ்வேகத்தில் சுற்றிவர 4,600 ஆண்டுகளுக்கு மேலாகும். ஆதலின் விரைந்த வாயில்களுக்குப் பின்னதையே கொள்ளல் வேண்டும்.

ஓட்டத்தோடு இழப்பையும் நோக்குதல் வேண்டும். வாயில் இழப்பை இருவகையாகக் கணக்கிடும். வரும்வழியிற் சிதைந்த செய்திக்கட்டுகள் பிழை எனப்படும்; நன்னிலையில் வந்தும் இடமின்மையால் கைவிடப்பட்டவை தள்ளுபடி எனப்படும். பிழை மிகுமாயின் கம்பி நைந்தது, இணைப்பு தளர்ந்தது, கண்ணாடியிழை முனையில் தூசி படிந்தது என்று ஐயுறுதல் வேண்டும். தள்ளுபடி மிகுமாயின் வழி குறுகியது எனக் கொள்ளலாம். இவ்வேறுபாடு உணராதார், சில ரூபாய்க் கம்பியை மாற்றவேண்டிய இடத்து, மாதந்தோறும் மிகுதியான கட்டணம் செலுத்தி வேகத்தை உயர்த்துவர், குறையோ நீங்காது.

நிற்க, பொறிகள் வினவாமலே தாமாக அறிவிக்கும் முறையும் உண்டு. அதனை டிராப் என்பர். வாயில் மூடிய கணமே அறிவிப்பு வரும் என்பது இதன் சிறப்பு. ஆயினும் வெளியுலகுக்கு உள்ள ஒரே வழி அறுபடுமாயின், அறுபட்ட செய்தி எவ்வழி வரும்? ஆதலின் அறிவிப்பை மட்டும் நம்பாது இடையறாது வினவுதலும் வேண்டும். விடை வாராமையும் ஒரு விடையே. மற்றும், இவ்விதியின் முற்பட்ட வடிவங்களில் மறைசொல் வெளிப்படையாகவே சென்றது. 2002-இல் நிறைவுற்ற மூன்றாம் வடிவம் அதனை வெளிப்படையாக அனுப்புவதில்லை. பாதுகாப்பு நாடுவோர்க்கு அதுவே தக்கது.

இத்துறையின் வரலாற்றிலே கல்லூரி மாணவர் அறியத்தக்க செய்திகள் இரண்டு உள. இங்கிலாந்தின் டி மான்ட்போர்ட் பல்கலைக்கழகத்திற்கு 1994-இல் வெளியுலகத்தொடர்பு 64 கிலோபிட் கம்பி ஒன்றே. அது எந்நேரம் நிரம்புகின்றது என்பதை யாவரும் காணவேண்டி, அங்குப் பணியாற்றிய டோபியாஸ் ஓட்டிக்கர் என்பார், கணக்கை ஐந்து நிமிடத்துக்கொருமுறை படித்து வரைபடமாக்கும் எம்.ஆர்.டி.ஜி. என்னும் மென்பொருளை ஆக்கி 1995-இல் வெளியிட்டார். அது உலகெங்கும் பரவியது. நம் நாட்டிலோ, 1996-இல் ஸ்ரீதர் வேம்பு முதலியோர் தொடங்கிச் சென்னையில் வளர்ந்த அட்வென்ட்நெட் நிறுவனம், வலை மேலாண்மைக் கருவிகளை ஆக்கியே முதற்கண் பெயர் பெற்றது. 2009-இல் ஸோஹோ எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தின் ஓப்மேனேஜர் என்னும் மென்பொருள் ஈண்டுக் கூறிய பணிகளையே செய்வது.

எனினும், மென்பொருள் பழுதைக் காட்டுமேயன்றித் தானே சென்று கம்பியை ஒட்டாது. திரையில் சிவப்பு விளக்கு எரிந்தும் நோக்குவார் இல்லையெனின், காவற்கோபுரம் கட்டிக் காவலனை வையாதது போலாம். பழுது இன்ன இடத்தது, இன்ன தன்மையது, இத்துணை நேரத்தில் நீங்கும் என்று வரிசையில் நிற்கும் எளியார்க்கு அறிவித்தலே இக்கலையின் முடிந்த பயன். வாயில் திறந்துளது என்றதனோடு அமையாது, அதன்வழி வந்தவர்க்கு வந்த காரியம் கைகூடியதோ என்று வினவுவோனே நல்ல காவலன்.