மனை வாங்குமுன் மண்ணை அறிவோம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி மனை வாங்கிய குடும்பத்தினர் எங்களிடம் வரும்போது, வில்லங்கச் சான்று காட்டாத ஒன்றைக் கேட்கிறோம்: அந்நிலத்தில் முன்பு என்ன நடந்தது? ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற 1.5 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவிலிருந்து குரோமியம் கசிந்து நிலத்தடி நீர் மஞ்சளாயிற்று. ஈயமோ நிறமும் மணமும் காட்டாது. பழைய பேட்டரி உருக்கிய இடத்து மண், தவழும் குழந்தையின் விரல்வழி வாய்க்குச் சென்று மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நீரைக் கொதிக்கவைத்தாலும் ஈயம் நீங்காது. பலர் இதனை நம்புவதில்லை. அடித்தளம் தோண்டுமுன் மண்ணையும் கிணற்று நீரையும் ஆய்வகத்தில் சோதியுங்கள். ஏற்கெனவே குடியேறியிருப்பின், சிறு குழந்தைகளை இரத்த ஈயப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமை எட்டினாலே, ஈயம் வரும் வழியைக் கண்டறிந்து அடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்.