நிறைகோல் ஏறிய வீரன்

நிறை என்னும் சொல்லுக்குத் தமிழிலே பல பொருள் உண்டு. தராசிலே இட்டு அறியும் எடையும் நிறை. குறைவின்றி அமைந்த பூரணமும் நிறை. காக்க வேண்டியதைக் காத்து, நீக்க வேண்டியதை நீக்கி, மனத்தைத் தன்வழி நிறுத்தும் திண்மையும் நிறை. ஆடவர்க்குரிய குணம் நான்கென வகுத்த நம் உரையாசிரியர்கள், இம்மூன்றாவது பொருளிலே கொண்ட நிறையை அந்நான்கனுள் ஒன்றாக வைத்தனர். உடலின் பாரத்தையும் உள்ளத்தின் உறுதியையும் ஒரே சொல்லால் உணர்த்துதல் நம் மொழிக்கு வாய்த்த நயங்களுள் ஒன்றாகும்.

அண்மையிலே எம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் 'நான் போற்றும் வீரர்' என்னும் தலைப்பிலே கட்டுரை எழுதி வந்தான். பிலிப்பைன்ஸ் தேசத்துக் குத்துச்சண்டை வீரர் ஒருவரைப் பற்றியது அது. "தம்பி, மனிதனை மனிதன் அடித்து வீழ்த்தும் தொழிலிலே போற்றுதற்கு என்ன உண்டு?" என்று வினவினேன். "ஐயா, எட்டு எடைப் பிரிவுகளிலே உலகப் பட்டம் வென்றவர் அவரைத் தவிர வேறொருவரும் இல்லை" என்றான். என் வினாவுக்கு அது விடையன்று. ஆயினும் 'எடை' என்ற அச்சொல் என் நெஞ்சிலே தங்கிவிட்டது. அவ்வீரரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அன்று அம்மாணாக்கனுடன் தொடர்ந்து பேசியிருக்க வேண்டியதையே ஈண்டு எழுதுகின்றேன்.

சட்டைப்பையிலே வைத்த பாரம்

குத்துச்சண்டையிலே பழக்கமில்லாத வாசகர் பொருட்டு ஒன்று கூறல் வேண்டும். குத்தின் வலிமை கையிலே பிறப்பதன்று. காலிலே தொடங்கி, இடுப்பிலே திரும்பி, உடலின் பாரம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு முட்டியிலே வந்து முடிவது அது. பாரம் மிக்கவன் குத்து, பாரம் குறைந்தவன் உயிருக்கே தீங்காகலாம். இதுபற்றியே போட்டியாளரை எடையால் வகுத்தனர். முன்னாளிலே எட்டு வகுப்புகள் பெருவழக்காயிருந்தன. இந்நாளிலே 105 இறாத்தல் தொடங்கி அதனினும் மிகுதியான வகுப்புகள் உள்ளன. கீழ் வகுப்புகளை ஒன்றினின்றும் ஒன்று பிரிப்பது மூன்று நான்கு இறாத்தல் வேறுபாடே. போட்டிக்கு முதல் நாள் இருவரும் தராசிலே ஏறல் வேண்டும். வரம்புக்குச் சற்று மேற்படினும் பட்டம் கைவிட்டுப் போகும்.

இம்மானுவேல் பாக்கியோ 1978ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 17ஆந் திகதி, மிண்டனாவோத் தீவிலே கிபாவே என்னும் ஊரிலே பிறந்தார். உலகத்தார் அவரை 'மேனி' என்று அழைப்பர். அப்பெயர் தமிழ்ச் செவியிலே உடலென்று ஒலிப்பது தற்செயலே எனினும் பொருத்தமானது. ஏனெனில் அவருக்கு வாய்த்த முதல் இன்னலே உடல் போதாமைதான். ஜெனரல் சாந்தோஸ் என்னும் நகரிலே வறுமையிலே வளர்ந்தார். தந்தையும் தாயும் பிரிந்தனர். தெருவிலே தின்பண்டம் விற்றார்; பாடசாலைப் படிப்பு இடையிலே நின்றது. 14ஆம் வயதிலே வீட்டை விட்டு மணிலா சென்று, அங்கே சில காலம் தெருவோரத்திலே படுத்துறங்கினார்.

1995 ஜனவரி 22ஆந் திகதி, 16 வயதுச் சிறுவராய் முதன்முதலிலே தொழில்முறைப் போட்டியில் இறங்கினார். அவரது உடல் 98 இறாத்தலே இருந்தது. மிகக் கீழான வகுப்புக்கும் அது போதாது. ஆகவே பாரமான பொருள்களைச் சட்டைப்பையிலே மறைத்து வைத்துக்கொண்டு தராசில் ஏறியதாகப் பிற்காலத்திலே அவரே கூறியிருக்கின்றார். பொய்தான், ஆயினும் ஒருவேளை உணவுக்காகத் தன்னைப் பெரியவனாகக் காட்டவேண்டியிருந்த சிறுவனின் பொய் அது. வகுப்பறையிலே பசியை மறைத்து நிமிர்ந்திருக்கும் பிள்ளைகளைக் கண்ட ஆசிரியர்க்கு அப்பொய் விளங்காமற் போகாது.

முன்னோர் இட்ட வழி

பிலிப்பைன்ஸ் மக்கள் குத்துச்சண்டையிலே கொண்ட பற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கர் ஆட்சிக் காலத்திலே அவ்விளையாட்டு அத்தீவுகளிலே வேரூன்றியது. 1923 யூன் மாதத்திலே, பஞ்சோ வில்லா என்று புகழ்பெற்ற பிரான்சிஸ்கோ கிலேடோ, நியூ யோர்க் நகரிலே ஜிம்மி வைல்ட் என்பவரை வீழ்த்தி 112 இறாத்தல் வகுப்பின் உலக வீரரானார். ஆளப்பட்ட தேசத்துச் சிற்றுடல் மனிதர் ஒருவர் உலகின்முன் நிமிர்ந்து நின்ற நாள் அது. ஈராண்டு கழிந்த சிறிது காலத்திலே, பல்லிலே நோய் இருக்கவும் போட்டிக்குச் சென்று, அந்நோய் தொண்டையிலே பரவி, 1925 யூலையிலே 23ஆம் வயதில் அவர் இறந்தார். பின்னர் 1960இலே கேப்ரியல் எலோர்டே உலகப் பட்டம் வென்று ஏழாண்டு காலம் அதனைக் காத்தார்.

வில்லாவின் வெற்றிக்கு 75 ஆண்டுகள் கழித்து, அதே 112 இறாத்தல் வகுப்பிலே பாக்கியோவின் முதற்பட்டம் வந்தது. 1998 டிசெம்பர் 4ஆந் திகதி, தாய்லாந்திலே அந்நாட்டு வீரர் சாச்சாய் சசாக்குலை எட்டாஞ் சுற்றிலே வீழ்த்தினார். அதுவரை புள்ளிக் கணக்கிலே பின்னின்றவர் பாக்கியோவே. ஆனால் அடுத்த ஆண்டு செத்தெம்பரிலே தராசு அவரைக் கைவிட்டது. இருபது வயது உடல் வளர்ந்துகொண்டே இருந்தது. உணவை ஒறுத்தும் வரம்புக்குள் அடங்காமையாற் பட்டத்தைத் தராசிலேயே இழந்தார்; மெலிந்த அவ்வுடலோடு போரிட்டு மூன்றாஞ் சுற்றிலே வீழ்ந்தார். எடை போதாமல் வருந்திய சிறுவன் நாலரை ஆண்டுகளிலே எடை மிகுந்து வருந்தினான்.

நடுங்கும் கை கற்பித்த பாடம்

2001ஆம் ஆண்டு அவர் அமெரிக்கா சென்று, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஹொலிவுட் பகுதியிலே பயிற்சிக்கூடம் நடத்திய பிரெடி ரோச் என்பவரிடம் மாணவரானார். ஆசிரியத் தொழிலுடையோர் இவ்விடத்திலே சற்று நின்று நோக்குதல் தகும். ரோச் முன்னாட் குத்துச்சண்டை வீரர். பார்க்கின்சன் என்னும் நரம்பு நோயாற் கை நடுங்கும். தலையிலே பட்ட அடிகளே அதற்குக் காரணமெனக் கருதப்படுகின்றது. அவருடைய ஆசிரியராகிய முதியவர் எடி பற்ச், "போதும், நிறுத்திவிடு" என்று அறிவுறுத்தியும் கேளாது மேலும் சில போட்டிகளிலே ஈடுபட்டவர் ரோச். அந்தக் கையே பாக்கியோவின் குத்துகளைத் தடுப்பணையிலே தாங்கித் தாங்கி அவரைத் திருத்தியது. இடக்கை வலிமை ஒன்றையே நம்பி வந்த மாணவருக்கு வலக்கையையும் படைக்கலமாக்கிக் கொடுத்தது.

அதே ஆண்டு யூன் 23ஆந் திகதி, இரண்டு வார முன்னறிவித்தலிலே மாற்றாளாக அழைக்கப்பட்டு, லாஸ் வேகாஸ் நகரிலே தென்னாபிரிக்க வீரர் லெட்வாபாவை வென்று 122 இறாத்தல் பட்டத்தைப் பெற்றார். 2003 நவெம்பரிலே மெக்சிக்கோவின் பெருவீரர் மார்க்கோ அந்தோனியோ பரேராவை வென்றது 126இலே. 2008 மார்ச்சிலே ஹுவான் மானுவேல் மார்க்குவெஸை வென்றது 130இலே. அதே ஆண்டு யூனிலே டேவிட் டியாஸை வென்றது 135இலே. 2009 மே மாதத்திலே ஆங்கில வீரர் ரிக்கி ஹற்றனை இரண்டாஞ் சுற்றிலே வீழ்த்தியது 140இலே. அவ்வாண்டு நவெம்பரிலே மிகுவேல் கொட்டோவை வென்றது 147இலே. இவற்றுள் 126, 140 ஆகிய இரண்டும் நாற்பெருஞ் சபைகள் அளித்த பட்டங்கள் அல்ல; பிற அங்கீகாரத்தால் வந்தவை. கணக்கென்று வந்தபின் அதனையும் மறையாது கூறுதல் முறை.

இவற்றினிடையே 2008 டிசெம்பரிலே ஒஸ்கார் டி லா ஹோயாவுடன் நிகழ்ந்த போட்டியைத் தனியே சுட்டல் வேண்டும். அவர் ஆறு வகுப்புகளிலே பட்டம் பெற்றவர். உயரத்தாலும் உருவத்தாலும் மிக்கவர். சிறியவர் சிதைந்துபோவார் என்று அஞ்சினோர் பலர். ஆனால் பெரியவர் தாம் பல்லாண்டாக நின்றறியாத 147 இறாத்தலுக்குத் தம்மை வருத்தி மெலிவித்து வந்தார். எட்டுச் சுற்று முடிந்தபின் ஒன்பதாஞ் சுற்றுக்கு எழாது ஆசனத்திலேயே அமர்ந்துவிட்டார். ஒன்பதாண்டுக்கு முன் தாய்லாந்திலே பாக்கியோவை வீழ்த்திய தராசு, இப்பொழுது அவருடைய எதிராளியை வீழ்த்தியது.

பதினோராஞ் சுற்று

எட்டாவது வகுப்பு 154 இறாத்தல். 2010 நவெம்பர் 13ஆந் திகதி, டெக்சாஸிலே நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடிய பெரு மைதானத்திலே, அந்தோனியோ மார்கரீட்டோ எதிர்நின்றார். பாக்கியோவிலும் ஏறக்குறைய ஐந்தங்குலம் உயர்ந்தவர். அதற்கு முந்திய ஆண்டிலே வேறொரு போட்டிக்கு முன்னர் அவருடைய கைக்கட்டினுள்ளே கடினமான பொருள் கண்டெடுக்கப்பட்டு, கலிபோர்னியாவிலே அவர் அனுமதிப் பத்திரம் பறிக்கப்பட்டிருந்தது. தாம் ஒன்றும் அறியேன் என்றார் அவர். 150 இறாத்தலென்று வரம்பு பேசிய அப்போட்டியிலே மார்கரீட்டோ சரியாக 150 நிறுத்தார், பாக்கியோவோ 144.6. மேடையேறிய இரவிலே இருவர்க்கும் இடையே சுமார் 17 இறாத்தல் வேறுபாடு இருந்தது.

ஆயினும் சிறியவர் பெரியவரைச் சுற்றுக்குச் சுற்று புடைத்தார். எதிராளியின் கண் மூடியது. கண்குழி எலும்பு உடைந்தது. வீழ மறுத்து நின்றுகொண்டே அடிவாங்கினார் மார்கரீட்டோ. பதினோராஞ் சுற்றிலே, வெற்றி உறுதியான அந்நிலையிலே, பாக்கியோ குத்துவதை நிறுத்தி மத்தியஸ்தரைத் திரும்பிப் பார்த்தார். நிறுத்துங்கள் என்று வேண்டிய பார்வை அது. மத்தியஸ்தர் நிறுத்தவில்லை. பன்னிரண்டாஞ் சுற்றிலே பாக்கியோ தம் கையை அடக்கிக்கொண்டு காலத்தைக் கழித்தார். ஒருவரையொருவர் கொல்லுவதற்காக ஏற்பட்டதன்று இவ்விளையாட்டு என்பது பின்னர் அவர் சொன்னதன் கருத்து. நடுவர் மூவரும் அவரையே வென்றவராக அறிவித்தனர்.

என் மாணாக்கன் கணக்கிட்ட எட்டாவது பட்டம் அன்று கிடைத்தது. அந்தப் பட்டத்திலும் அந்தப் பார்வையே எனக்குப் பெரிதாகப் படுகின்றது. சட்டைப்பையிலே பாரம் வைத்த சிறுவனிடம் உடலின் நிறை இருக்கவில்லை. பதினோராஞ் சுற்றிலே நின்ற மனிதனிடம் உள்ளத்தின் நிறை இருந்தது.

சொல்லப்படாத சொல்

இவ்வளவோடு முடித்தால் இது புகழுரையாய்விடும். 2012 டிசெம்பரிலே மார்க்குவெஸுடன் நான்காம் முறை மோதியபோது, ஆறாஞ் சுற்றின் இறுதிக் கணத்திலே முகங்குப்புற வீழ்ந்து அசைவற்றுக் கிடந்தார். தாயார் போதும் என்று வேண்டினார். அவர் நிறுத்தவில்லை. 2015 மே மாதத்திலே புளோயிட் மேவெதரிடம் புள்ளிகளால் தோற்றார். 2019 யூலையிலே, 40ஆம் வயதில், கீத் தேர்மனை வீழ்த்திப் பின் புள்ளிகளால் வென்று 147 இறாத்தல் வகுப்பிலே மீண்டும் பட்டம் பெற்றார். அவ்வகுப்பிலே அத்துணை வயதிலே பட்டம் வென்றவர் முன் இலர். 2021இலே யோர்டெனிஸ் உகாஸிடம் தோற்று ஓய்வை அறிவித்தார். 2025 யூலையிலே, 46ஆம் வயதில், மீண்டும் மேடையேறினார். மாரியோ பாரியோஸுடன் நிகழ்ந்த அப்போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

அரசியலிலும் நுழைந்தார். 2010இலே சாரங்கானித் தொகுதிப் பிரதிநிதியானார். சபைக்கு வருதல் அரிது என்ற குறைக்கு ஆளானார். 2016இலே தன்பாலினத்தாரை இழித்துரைத்து, கண்டனம் எழுந்தபின் மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டே செனட்டரானார், 2022இலே சனாதிபதித் தேர்தலிலே தோற்றார். மறுபுறத்திலே, வறுமையால் விட்ட படிப்பைத் தொடர எண்ணி, 2007இலே உயர்பாடசாலைத் தகுதிப் பரீட்சை எழுதிச் சித்தியெய்தியதையும் குறித்தல் நியாயம்.

ரோச்சின் நடுங்கும் கை, ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கூடத்திலே பாக்கியோவின் கண்முன் இருந்தது. எதிராளிக்காக மத்தியஸ்தரை நோக்கிப் "போதும்" என்று வேண்டியவர், தமக்காக அச்சொல்லைத் தாமே சொல்ல அறியவில்லை. தலையிலே படும் அடி வயதைக் கேட்டுப் படுவதில்லை. நிறை என்னும் குணத்திலே மிக அரிய பகுதி இதுவே: பிறருடைய எல்லையைக் காணும் கண்ணால் தன் எல்லையையும் காண்பது. பட்டங்கள் எட்டு வென்றவருக்கும் அது எளிதாயிருக்கவில்லை. நம்முள் எவர்க்கு எளிது?

அம்மாணாக்கனை மறுநாள் அழைத்துக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தேன். "தம்பி, எட்டுப் பட்டங்களையும் ஒழுங்காக எழுதியிருக்கிறாய். பதினோராஞ் சுற்றைப் பற்றி ஒரு பந்தி சேர்த்து எழுதிக்கொண்டு வா" என்றேன். எழுதி வந்தான். இறுதியிலே அவனாகவே மற்றொரு பந்தியும் சேர்த்திருந்தான். ஆசிரியர் ரோச்சின் கையைப் பற்றியது அது.