வரப்பெலியின் காதில் ஒரு வேளை விருந்து

சம்பா நெல் கதிர் பிடிக்கும் காலத்தில் மயிலாடுதுறை வட்டாரத்து வரப்புகளில் எலி வளைகள் பெருகிவிடும். உழவர்கள் மூங்கில் கிட்டி வைத்து எலிகளைப் பிடிப்பார்கள். எலி தின்னும் நெல் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த எலியையே உணவாகக் கொள்ளும் மற்றோர் உயிர் எளிதில் தெரிவதில்லை. அதுதான் சிற்றுண்ணி.

மாட்டின் மீது ஒட்டி, இரத்தம் குடித்துப் பருக்கும் உண்ணியை நாம் அறிவோம். சிற்றுண்ணி அதன் உறவினம். இரண்டும் சிலந்தி வகுப்பைச் சேர்ந்தவை. ஆனால் சிற்றுண்ணியின் இளவுயிரி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருக்கும்.

வாழ்நாளில் ஒரே முறை

மண்ணில் இட்ட முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரிக்கு ஆறு கால்கள். அது புல்லில் ஏறிக் காத்திருக்கும். எலியோ, பெருச்சாளியோ, மூஞ்சூறோ உரசிச் சென்றால் தொற்றிக்கொள்ளும். தோல் மெல்லியதாக உள்ள காது மடலில் கூட்டமாகத் தங்கும். அது இரத்தம் குடிப்பதில்லை. உமிழ்நீரால் தோலின் திசுக்களைக் கரைத்து, அந்தக் கூழை உறிஞ்சுகிறது. சில நாட்களில் வயிறு நிறைந்ததும் மண்ணில் உதிர்ந்துவிடும். பிறகு எட்டுக் கால்களுடன் வளர்ந்து, பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வாழும். மீண்டும் எந்த விலங்கையும் நாடாது.

ஒரே முறை கடிக்கும் உயிர் நோயைப் பரப்புவது எப்படி? விடை முட்டையில் இருக்கிறது. ‘ஓரியென்ஷியா சுட்சுகாமுஷி’ என்னும் நுண்ணுயிர் தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியே குஞ்சுகளுக்குச் செல்கிறது. ஆகவே நோயின் இருப்பிடம் எலி மட்டுமன்று. சிற்றுண்ணியின் பரம்பரையே அதன் கருவூலம். எலிகளை ஒழித்தாலும் புல்லில் பசியோடு காத்திருக்கும் குஞ்சுகள் அங்கேயே இருக்கும். வரப்பில் அமரும் மனிதரையும் அவை கடிக்கும்.

உண்ணிக் காய்ச்சல்

இவ்வாறு வருவதே உண்ணிக் காய்ச்சல். மருத்துவமனைகளில் ‘ஸ்க்ரப் டைபஸ்’ என்பர். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் போர்வீரர்களைப் பெரிதும் வாட்டிய நோய் இது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையையொட்டிய குளிர் மாதங்களில் மிகுதியாகக் காணப்படுகிறது.

கடித்து ஏறத்தாழ பத்து நாட்களில் கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி தோன்றும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருநிறப் பொருக்கு ஏற்படலாம். அது வலிப்பதில்லை. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பின் அடிப்பகுதி போன்ற மறைவிடங்களில் இருப்பதால் நோயாளியே அதை அறியாமல் இருக்கக்கூடும். எல்லோருக்கும் அது தோன்றுவதுமில்லை.

இந்நுண்ணுயிர் நம் செல்களுக்குள் வாழ்கிறது. பெனிசிலின் வகை மருந்துகளுக்கு இது அடங்குவதில்லை. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகியவை நன்கு குணமளிக்கின்றன. நோய் முற்றியவர்களுக்கு இவ்விரண்டையும் நரம்பு வழியே சேர்த்துக் கொடுப்பது மேலும் பயன் தருவதாக, இந்திய மருத்துவமனைகளில் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. காலம் தாழ்ந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம்.

செய்ய வேண்டியது

வரப்புப் புல்லில் வெறுமனே அமர வேண்டாம். சாக்கையோ பாயையோ விரித்துக்கொள்ளலாம். துணிகளைப் புதர்மீது உலர்த்தலாகாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் துவைப்பது நல்லது. செத்த எலியின் உடல் குளிர்ந்ததும் சிற்றுண்ணிகள் அதைவிட்டு இறங்கும். ஆகவே அதை வெறுங்கையால் தூக்க வேண்டாம்.

காய்ச்சல் வந்தால், “வயலில் வேலை செய்தேன்” என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். கருநிறப் பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள். உரிய மருந்து உடனே கிடைப்பதற்கு அந்த ஒரு சொல்லே உதவக்கூடும்.