படை கலந்தது, சந்தை பிரிக்கிறது

ரெமிங்டன் என்றால் நமக்குத் தட்டச்சு நிலையங்கள் நினைவுக்கு வரும். சிங்கர் என்றால் தையல் மெஷின். இரண்டாம் உலகப் போரின்போது இந்த இரண்டு பெயர்களும் அமெரிக்கப் படையின் 45 காலிபர் பிஸ்டல்களிலும் பொறிக்கப்பட்டிருந்தன. நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் ரெமிங்டன் ராண்ட் நிறுவனம் ஏறத்தாழ 8,77,000 பிஸ்டல்களைச் செய்து கொடுத்தது. நியூஜெர்சியின் எலிசபெத் நகரில் சிங்கர் செய்தது வெறும் 500. போருக்குத் தேவையான பொருளைச் செய்யும் திறன் ஒரு தையல் மெஷின் கம்பெனிக்கு உண்டா என்று பார்க்க அரசு கொடுத்த பயிற்சி ஆர்டர் அது. வேலை ஒழுங்காகவே முடிந்தது. ஆனாலும் சிங்கரை அதைவிட நுட்பமான கருவிகளின் பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்த 500-ல் ஒன்று 2017-ல் ஏலத்துக்கு வந்தபோது நான்கு லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. அடுத்த ஆண்டு, அரசுக் கிடங்கிலிருந்து வந்த பழைய 45 பிஸ்டல்களைச் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு பொதுமக்களுக்கு விற்றது. அவற்றின் விலை, நிலைமைக்கு ஏற்ப 850 முதல் 1,050 டாலர் வரைதான். இரண்டும் ஒரே வடிவமைப்பு, ஒரே தோட்டா, ஒரே போர்.

அரிய பொருளுக்கு அதிக விலை என்பதில் வியப்பு ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. உலகப் போர்க் காலத்து அமெரிக்கக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் பெயருக்கு அடுத்தபடியாகத் தேடுவது 'அசல்' நிலையைத்தான். தொழிற்சாலையை விட்டு வெளியேறியபோது எந்த ஸ்லைடு (சுடும்போது உடலின் மேல் முன்னும் பின்னும் நகரும் பகுதி), எந்தக் குழல், எந்தப் பூச்சு இருந்ததோ அது அப்படியே இருக்க வேண்டும். ஒரு கம்பெனியின் உடலில் இன்னொரு கம்பெனியின் ஸ்லைடு ஏறியிருந்தால் மதிப்பு சரிகிறது. அத்தகைய பிஸ்டலுக்கு 'மிக்ஸ்மாஸ்டர்' என்று சற்று இளக்காரமான பெயரும் உண்டு. இந்த அளவுகோல் தலைகீழானது என்பது என் கருத்து. போர்க்காலச் சின்னம் என்பதற்காகத்தான் ஒரு பிஸ்டலைச் சேகரிக்கிறோம் என்றால், போரும் படையும் அதற்குச் செய்ததை எல்லாம் குறையாக எண்ணுவது எப்படிப் பொருந்தும்?

படை எதைக் கேட்டது என்று பார்த்தால் இது விளங்கும். ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்தப் பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்டது. ஏற்பதற்கு முன் நடந்த சோதனையில் 6,000 தோட்டாக்களைத் தடங்கலின்றிச் சுட்டுக் காட்டியது கோல்ட் நிறுவனத்தின் மாதிரி. கருவி எதுவும் இல்லாமல் சிப்பாயே கழற்றித் துடைத்துப் பூட்டிவிடலாம் என்பது இன்னொரு சிறப்பு. இரண்டாம் உலகப் போரில் கோல்ட், ரெமிங்டன் ராண்ட், இத்தாக்கா, ரயில்வே சிக்னல் கருவிகள் செய்துவந்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் என்று பல இடங்களில் உற்பத்தி நடந்தபோது, ராணுவம் கறாராக ஒரு நிபந்தனை விதித்தது. எந்தக் கம்பெனியின் உறுப்பும் வேறு எந்தக் கம்பெனியின் பிஸ்டலிலும் அப்படியே பொருந்த வேண்டும். பிஸ்டல்களைக் கழற்றி, உறுப்புகளைக் கலந்து, மறுபடி பூட்டிப் பார்த்தார்கள். ரெமிங்டன் ராண்ட் 1943-ன் முற்பகுதியில் இந்தச் சோதனையில் தேறவில்லை. குறை சரியாகும்வரை அங்கே உற்பத்தியையே நிறுத்திவைத்தார்கள். உலகமே துப்பாக்கிக்கு அலைந்துகொண்டிருந்த நேரம் அது. அப்போதும் உறுப்புகள் கலந்து பொருந்தாத பிஸ்டலை ராணுவம் வாங்கத் தயாராக இல்லை. அன்று எந்தக் குணத்துக்காக ஒரு தொழிற்சாலையையே நிறுத்தினார்களோ, அந்தக் குணம் வேலை செய்திருப்பதற்கான அடையாளத்தைத்தான் இன்றைய சந்தை கழிவு போட்டு விற்கிறது.

இதற்குப் பின் நடந்தது இன்னும் முக்கியம். 1945-க்குப் பிறகு அமெரிக்க ராணுவம் இந்த மாடலில் புதிதாக எதையும் வாங்கவில்லை. 1985-ல் பெரெட்டா பிஸ்டல் அந்த இடத்துக்குத் தேர்வாகும்வரை நாற்பது ஆண்டுகள், கொரியாவும் வியட்நாமும் உட்பட, கையிருப்பை வைத்தே சமாளித்தார்கள். அகஸ்டா, ராக் ஐலண்ட், ஆனிஸ்டன் போன்ற இடங்களில் இருந்த ராணுவப் பணிமனைகள்தான் அதைச் சாத்தியமாக்கின. தேய்ந்த பிஸ்டல்கள் அங்கே மொத்தமாக வந்து இறங்கும். கழற்றுவார்கள், அளப்பார்கள், தேறாததை ஒதுக்குவார்கள், தேறியதற்குப் புதுப் பூச்சு கொடுத்துக் கைக்குக் கிடைத்த நல்ல உறுப்புகளோடு பூட்டுவார்கள். வரிசை எண் பெரும்பாலும் உடலில் மட்டுமே இருக்கும் என்பதால், எந்த ஸ்லைடு எந்த உடலுக்குச் சொந்தம் என்று யாரும் கணக்கு வைக்கவும் இல்லை, வைக்கத் தேவையும் இல்லை.

அப்படி வந்த ஒரு பிஸ்டலைக் கையில் எடுத்தால் படிக்க நிறைய இருக்கும். உடலில் உள்ள வரிசை எண் 1918-ஐச் சொல்லும். ஹார்ட்ஃபோர்டில் செய்த கோல்ட். செய்தபோது அதன் பூச்சு கருநீலம். இப்போது இருப்பதோ வெளிச்சத்தை விழுங்கும் சாம்பல் நிற பாஸ்பேட் பூச்சு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. விசைக்குப் பின்னால் விரலுக்கு இடம் விடும் பள்ளங்கள் இல்லை. அவை 1920-களில் நடந்த திருத்தத்தில்தான் வந்தன. ஆனால் கைப்பிடியின் பின்பக்கம் தட்டையாக இல்லாமல் புடைத்திருக்கிறது, அதாவது அந்தத் துண்டு பின்னாளில் மாற்றப்பட்டிருக்கிறது. ஸ்லைடு இத்தாக்கா செய்தது. ஏன் மாற்றினார்கள் என்பதற்கும் விடை உண்டு: தொடக்க கால ஸ்லைடுகள் சூடேற்றிக் கடினப்படுத்தப்படாதவை, நாளாவட்டத்தில் விரிசல் விடும். உடலின் ஓரத்தில் 'ஏஏ' என்ற சிறிய முத்திரை இருந்தால் அகஸ்டா பணிமனையைத் தாண்டி வந்தது என்று பொருள். இத்தனையும் ஒரே பிஸ்டலில். பெட்டியை விட்டு வெளியே வராத அசல் பிஸ்டல் சொல்வது தொழிற்சாலையில் நடந்த ஒரு நாளின் கதையை மட்டும்.

அந்த ஒரு நாளின் கதையும் வேண்டும் என்பார்கள் எதிர்த்தரப்பினர். அது நியாயம்தான். எந்த மாதம் எந்தப் பூச்சு, எந்த ஆய்வாளரின் பெயரெழுத்து, எந்த வகைக் கைப்பிடித் தகடு என்பதெல்லாம் தொடாத பிஸ்டல்களை வைத்துத்தான் நிறுவப்பட்டன. ஆய்வாளர் ஃபிராங்க் அட்வுட்டின் 'எஃப்ஜேஏ', கோல்டில் ஆய்வாளர் கை ட்ரூரியின் 'ஜிஎச்டி' ஆகிய முத்திரைகள் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் போலி முத்திரையைக் கண்டுபிடிக்க முடியும். மேலே சொன்ன இத்தாக்கா ஸ்லைடை அடையாளம் காட்டியதும் அந்த அறிவே. ஆகவே அசல் பிஸ்டல்களைக் காப்பது வீண் வேலை அல்ல. ஆனால் அவற்றை உரைகல்லாக வைத்துக்கொள்வது வேறு, மற்ற எல்லாவற்றையும் அவற்றைப் போல ஆக்கப் பார்ப்பது வேறு. இந்த இரண்டாவதுதான் இப்போது பரவலாக நடக்கிறது. கலந்த பிஸ்டலை வாங்கி, 'தவறான' ஸ்லைடைக் கழற்றி, அந்தக் காலத்துக் கோல்ட் ஸ்லைடு ஒன்றைத் தேடிப் பூட்டி, கருநீலப் பூச்சும் கொடுத்தால் விலை கூடுகிறது. அதை மறைக்காமல் சொல்லி விற்பவர்கள் உண்டு. இரண்டு கை மாறியபின் அந்தச் செய்தி பிஸ்டலோடு போவதில்லை. முடிவில் மிஞ்சுவது தொழிற்சாலையிலும் இல்லாத, படையிலும் இல்லாத ஒரு பொருள்.

கலந்த பிஸ்டலை மதித்தால் ஏமாற்றுக்காரர்களுக்குக் கதவைத் திறந்ததாகாதா என்ற கேள்வியும் எழும். போன வருடம் யாரோ வீட்டுப் பட்டறையில் பூட்டியதையும் ராணுவப் பணிமனை வேலை என்று சொல்லிவிடலாமே? சொல்லலாம். ஆனால் பித்தலாட்டம் லாபம் இருக்கும் இடத்துக்குத்தான் போகும், இன்று லாபம் அசல் என்ற சொல்லில்தான் இருக்கிறது. தவிர, பணிமனை வேலைக்கு ஒரு சீர்மை உண்டு: உறுப்புகள் எல்லாவற்றிலும் ஒரே பூச்சு, ஒரு முத்திரை, காலத்தோடு ஒத்துப்போகும் மாற்று உறுப்புகள். தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவுகளிலிருந்து தொகுத்த வரிசை எண் பட்டியல்களும், கோல்ட் நிறுவனம் கட்டணத்துக்குத் தரும் வரலாற்றுக் கடிதமும் கொஞ்சம் கைகொடுக்கும். அவையும் பிஸ்டல் எங்கே அனுப்பப்பட்டது என்று சொல்லுமே தவிர, அதை யார் இடுப்பில் கட்டியிருந்தார் என்று சொல்வது அபூர்வம். தாத்தா நார்மண்டியில் வைத்திருந்தது என்ற கதைக்குத் தனி விலை கொடுப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது!

அரிது என்பதும் போர் என்பதும் வேறு வேறு என்பதற்கு 'லிபரேட்டர்' நல்ல சான்று. எதிரி ஆக்கிரமித்த நாடுகளின் மக்களுக்கு விநியோகிக்க, ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு 1942-ல் தகட்டை அழுத்திச் செய்த ஒற்றைத் தோட்டாப் பிஸ்டல் அது. பத்து லட்சம் செய்தார்கள். ஒன்றின் அடக்கவிலை இரண்டு டாலரை ஒட்டி. எழுத்தே இல்லாத படக்கதைத் தாள்தான் அதற்கு வழிகாட்டி. பெரும்பகுதி பயன்படாமலே அழிக்கப்பட்டது. தப்பிய சிலவற்றுக்கு, அதிலும் பெட்டியும் தாளும் சேர்ந்து இருந்தால், இன்று ஆயிரக்கணக்கில் டாலர் கிடைக்கிறது.

கொல்வதற்கென்றே செய்த கருவியை ஆசையாக அடுக்கி வைப்பது என்ன ரசனை என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் உரிமம் தராத சட்டம் உள்ள நாட்டில் வாழும் நமக்கு அந்தக் கேள்வி இயல்பானது. அமெரிக்கச் சட்டத்திலும் இவை பழம்பொருள்கள் அல்ல. அங்கே அந்தச் சலுகை 1898-ம் ஆண்டு வரை செய்தவற்றுக்குத்தான். இவை அபூர்வப் பொருள் என்ற தனி வகையில், சேகரிப்பாளருக்கான உரிமத்தின் கீழ் வருகின்றன. சுடக்கூடிய துப்பாக்கி எத்தனை பழையதானாலும் சுடக்கூடியதே, பூட்டி வைக்க வேண்டியதே. ஆனால் போரைப் பளபளப்பாகக் காட்டும் ஆபத்து எதில் அதிகம் என்று கேட்டால், பட்டுத்துணியில் கிடத்திய, உறையின் உராய்வுகூடப் படாத பிஸ்டலைத்தான் நான் காட்டுவேன். கைப்பிடி தேய்ந்து, ஸ்லைடு மாறி, மூன்று தலைமுறைச் சிப்பாய்களின் கை பட்டது அந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை.

ஏலப் பட்டியல்கள் இதில் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். அசல் பிஸ்டலுக்கு ஒரு பக்கம் எழுதுபவர்கள், பணிமனையில் பூட்டியதற்குக் 'கலந்த உறுப்புகள், மறுபூச்சு' என்று ஒரே வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். உடல் யாருடையது, ஸ்லைடு யாருடையது, குழலில் என்ன முத்திரை, எந்தப் பணிமனை என்று உறுப்பு வாரியாக எழுதி, படம் எடுத்துப் போட்டால், வாங்குபவர் அதைக் கழற்றுவதற்கு முன் ஒருமுறையாவது யோசிப்பார். கழற்றியே தீருவேன் என்றாலும் பதிவாவது மிஞ்சும்.