பள்ளிக்கூடக் குலுக்கல்: காத்திருக்கும் நாட்களில் கலங்காதிருப்போம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மே மாதம். அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தோம். நான்கு வயதுகூட நிரம்பாத மகனின் கையைப் பிடித்தபடி ஒரு சகோதரி பள்ளிவாசல் வாசலில் நின்றிருந்தார். "ஹஜ்ரத், நாளைக்கு ஸ்கூல்ல குலுக்கல். இவன் பேரு விழணும்னு ஏதாவது ஓதி ஊதிவிடுங்க. ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்லை" என்றார். துஆச் செய்து அனுப்பி வைத்தோம்.

மறுநாள் அந்தப் பிள்ளையின் பெயர் விழவில்லை. சில நாட்கள் கழித்து அவர் மீண்டும் வந்தார். இம்முறை கவலை ஸீட்டைப் பற்றியதல்ல. "எங்க மாமி இவனை நஸீபு கெட்ட பிள்ளைன்னு சொல்லிட்டாங்க. அதைக் கேட்டதிலேருந்து, 'அந்த ஸ்கூலுக்கு என்னைப் பிடிக்கலையாம்மா?'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கான்."

அந்தக் குழந்தையின் கேள்விதான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

குலுக்கல் எப்படி நடக்கிறது?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிக்கூடங்கள் தங்கள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். தமிழகத்தில் அது பெரும்பாலும் எல்கேஜி வகுப்பு. இந்த இடத்தைப் பெறும் பிள்ளை எட்டாம் வகுப்பு வரை கட்டணமின்றிப் படிக்கலாம். அந்தக் கட்டணத்தை அரசு பள்ளிக்கூடத்திற்குத் திருப்பிக் கொடுக்கும். இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல் நடக்கும்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் எல்கேஜிக்கு 40 இடங்கள் என்றால் ஒதுக்கீடு 10. அதற்கு 60 பேர் விண்ணப்பித்தால், எவ்வளவு நேர்மையாகக் குலுக்கினாலும் 50 குடும்பங்கள் இடமின்றித்தான் திரும்பும். அந்த ஐம்பது பிள்ளைகளிடமும் எந்தக் குறையும் இல்லை. இல்லாதது நாற்காலி மட்டும்தான்.

நிதி தொடர்பாக மத்திய, மாநில அரசுகளுக்கிடையே இழுபறி ஏற்பட்டதால், வழக்கமாகக் கோடையில் தொடங்கும் இந்தச் சேர்க்கை 2025இல் அக்டோபரில்தான் தொடங்கியது. காத்திருப்பு நீளும்போது கலக்கமும் நீள்கிறது. ஆகவே பெற்றோரின் பதற்றத்தை ஈமானின் குறைவு என்று நாம் சொல்ல மாட்டோம். பிள்ளையின் மீதுள்ள பாசமே அப்படித் தவிக்க வைக்கிறது.

சீட்டுக் குலுக்குவது கூடுமா?

"இது சூதாட்டம் போன்றதில்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. சூதாட்டத்தில் பணம் பந்தயமாக வைக்கப்படுகிறது, ஒருவரின் இழப்பு மற்றவரின் லாபமாகிறது. இங்கே யாரும் எதையும் பணயம் வைப்பதில்லை. சம உரிமை உள்ள பலர் இருந்து, எல்லோருக்கும் கொடுக்க முடியாத நிலையில், எவர் மனமும் புண்படாமல் பங்கிடும் வழி இது. மார்க்கத்தில் இதற்கு 'குர்ஆ' என்று பெயர்.

மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்று முடிவு செய்ய அக்காலத்தவர் தங்கள் எழுதுகோல்களை எறிந்து பார்த்ததைக் குர்ஆன் குறிப்பிடுகிறது (3:44). பொறுப்பு ஸகரிய்யா (அலை) அவர்களுக்குக் கிடைத்தது. மற்றவர்களும் அந்த நற்பணியை விரும்பியவர்கள்தாம். எழுதுகோல் சாதகமாக விழவில்லை என்பதற்காக அவர்களை இறைவன் அந்த இடத்தில் பழிக்கவில்லை. நபி (ஸல்) அவர்களும் பயணம் புறப்படும்போது, தம் மனைவியரில் யாரை அழைத்துச் செல்வது என்பதைக் குலுக்கல் மூலம் முடிவு செய்ததாக ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பெயர் வராத அன்னையரின் கண்ணியம் அதனால் குறைந்ததா?

சீட்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த இடம் இன்று யாருக்கு என்பதை. பிள்ளையின் அறிவையோ, எதிர்காலத்தையோ, பெற்றோரின் துஆ ஏற்கப்பட்டதா என்பதையோ அது சொல்லாது. அதிலிருந்து 'ராசி' பார்ப்பதும், 'நஸீபு கெட்டது' என்பதும் துர்ச்சகுனம் பார்ப்பதாகும். மார்க்கம் தடுத்த காரியம் அது.

காத்திருக்கும் நாட்களில் என்ன செய்வது?

ஒட்டகத்தை முதலில் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்ததை நாம் அறிவோம். குலுக்கலுக்கு முன் நாம் கட்ட வேண்டிய ஒட்டகங்கள் சில உண்டு.

முதலாவது, ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழ், இருப்பிடச் சான்று, வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றைச் சரிபார்த்து ஒரே உறையில் வைத்துவிடுங்கள். வருமானத்தையோ முகவரியையோ பொய்யாகக் காட்டாதீர்கள். அப்படிப் பெறும் இடம் இன்னொரு ஏழைப் பிள்ளையின் ஹக்கு. "பணம் கொடுத்தால் பெயரை விழ வைக்கிறேன்" என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது, மாற்று ஏற்பாடு. பெயர் விழாவிட்டால் எந்தப் பள்ளிக்கூடம் என்பதைக் குலுக்கலுக்கு முன்பே கணவனும் மனைவியும் மஷூரா செய்து முடிவெடுங்கள். பாதிப் பதற்றம் அதிலேயே அடங்கிவிடும். அரசுப் பள்ளிக்கூடம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். 2019 முதல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள அங்கன்வாடிகள் பலவற்றில் எல்கேஜி, யூகேஜி நடக்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது.

சிறுபான்மை அந்தஸ்து பெற்ற பள்ளிக்கூடங்களுக்கு இந்த 25 விழுக்காடு ஒதுக்கீடு பொருந்தாது. 2014இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அது. ஆனால் நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிக்கூடங்களில் கட்டணச் சலுகை உண்டா என்று நேரில் சென்று கேட்கலாம், அதில் வெட்கம் வேண்டாம். குலுக்கலில் இடம் கிடைக்காத ஏழைக் குடும்பங்கள் எவை என்று மஹல்லா ஜமாஅத்துகளும் ஒவ்வோர் ஆண்டும் விசாரித்தால் எத்தனையோ பிள்ளைகளுக்கு வழி பிறக்கும்.

மூன்றாவது, நாவைப் பேணுவது. பிள்ளையின் காதுபட குலுக்கலைப் பற்றி ஓயாமல் பேசாதீர்கள். "நீ அந்த ஸ்கூலுக்குத்தான் போகப் போறே" என்று முன்கூட்டியே ஆசை காட்டாதீர்கள். நன்னா, நன்னிமார்களிடமும் இதை அன்போடு சொல்லி வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற விசாரணையையும் தவிர்க்கலாம்.

நான்காவது, துஆவின் வாசகத்தை மாற்றுவது. "இந்த ஸ்கூல்தான் வேண்டும்" என்று கேட்பதோடு, "யா அல்லாஹ், என் பிள்ளையின் தீனுக்கும் துன்யாவுக்கும் நன்மையான இடத்தைக் கொடு, அதில் என் மனதைப் பொருந்த வை" என்றும் கேளுங்கள். இரவில் கவலை எழுந்தால் செல்போனை எடுக்காமல் ஒளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுங்கள். அப்படியும் பல நாட்கள் தூக்கமின்றி உடல் தளர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது தவக்குலுக்கு மாற்றமானதல்ல.

முடிவு வந்த பிறகு

பெயர் விழுந்தால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். ஆனால் அந்த மண்டபத்திலேயே ஆரவாரம் செய்யாதீர்கள். பக்கத்து இருக்கையில் ஒரு தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். விழாவிட்டால், காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அமைதியாகத் திரும்புங்கள். "வேறு ஸ்கூலில் போட்டிருந்தால்..." என்று பின்னோக்கிப் பேசிக்கொண்டிருப்பது ஷைத்தானுக்குக் கதவைத் திறந்துவிடும் என்று நபிமொழி நம்மை எச்சரிக்கிறது.

அன்று அந்தப் பிள்ளையை அருகில் அழைத்து, "அந்த ஸ்கூலுக்கு உன்னைத் தெரியவே தெரியாதுப்பா. அங்கே நாற்காலி தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான்" என்றோம். சற்று யோசித்துவிட்டு, "அப்போ நான் போற ஸ்கூல்ல நாற்காலி இருக்குமா?" என்று கேட்டான். "இன்ஷா அல்லாஹ், இருக்கும்" என்றோம். சிரித்துக்கொண்டே தாயின் கையைப் பிடித்து நடந்தான்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும், பெற்றோர்களுக்கு மன அமைதியையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.