ஓட்டை சொல்லும் சேதி

நேற்று மாலை நன்றாக ஓடிய சைக்கிள். இன்று காலை பார்த்தால் பின்சக்கரத்தில் காற்றே இல்லை. கடைக்குத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டுமா? அவசியமில்லை. ஒரு வாளித் தண்ணீர், காற்றடிக்கும் பம்பு, உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டுப்போடும் ரப்பர், டயரை நெம்ப இரண்டு பட்டைகள் இருந்தால் நீங்களே பஞ்சர் ஒட்டலாம். ஆனால், ஒட்டுவது பாதி வேலைதான். ஓட்டை ஏன் விழுந்தது என்று கண்டுபிடிப்பது மறுபாதி.

முதலில் வால்வு

காற்றடித்துவிட்டு, வால்வின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். குமிழி வந்தால் கோளாறு வால்வில் இருக்கிறது. சாதாரண சைக்கிள் வால்வில் ஒரு சிறு ரப்பர்க் குழாய் உண்டு. அதை 'வால்டியூப்' என்பார்கள். அது உலோகக் குழலின் பக்கத்துளையை மூடியிருக்கும். நாம் அடிக்கும் காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். உள்ளே போன காற்றோ, ரப்பரைத் துளையின்மேல் அழுத்தித் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும்! ரப்பர் வெடித்திருந்தால் அதை மாற்றினால் போதும்.

ஓட்டை எங்கே?

குமிழி வரவில்லையா? வால்வையும் அதன் நட்டையும் கழற்றுங்கள். டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் பட்டைகளால் நெம்பி, டியூபை வெளியே இழுங்கள். வால்வைத் திரும்பப் பொருத்திக் காற்றடித்து, டியூபைப் பகுதி பகுதியாகத் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி கிளம்பும் இடத்தில் அடையாளம் இடுங்கள். அந்த இடம் வால்விலிருந்து எத்தனை சாண் என்றும் அளந்துகொள்ளுங்கள்.

இப்போது ஓட்டையைக் கவனியுங்கள். அது டயரை ஒட்டிய வெளிப்பக்கத்தில் இருந்தால் முள் அல்லது ஆணி குத்தியிருக்கும். ரிம்மை ஒட்டிய உட்பக்கத்தில் இருந்தால் ஸ்போக் கம்பியின் நுனி காரணமாகலாம். அருகருகே இரண்டு ஓட்டைகள் இருந்தால், காற்று குறைந்த சக்கரம் கல்லிலோ பள்ளத்திலோ மோதி, டியூப் ரிம்மோடு நசுங்கியிருக்கிறது.

ஒட்டும் முறை

டியூபைத் துடைத்து, ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேயுங்கள். மேலே படிந்த அழுக்கும் பழைய மேற்பரப்பும் போனால்தான் ஒட்டு பிடிக்கும். பிறகு சொல்யூஷனை மெல்லியதாகத் தடவுங்கள். அது எளிதில் ஆவியாகும் திரவத்தில் கரைந்துள்ள ரப்பர். திரவம் ஆவியாகும்வரை, ஏறக்குறைய ஐந்து நிமிடம், பொறுத்திருங்கள். ஈரத்திலேயே ஒட்டினால் திரவம் உள்ளே அகப்பட்டு, ஒட்டு கிளம்பிவிடும்.

காத்திருக்கும் நேரத்தில் ஒரு பழைய செய்தி. பெல்ஃபாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப் 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் டயரை ரிம்மோடு ஒட்டிவிடுவார்கள். பஞ்சர் ஒட்ட மணிக்கணக்காகும். பசை காய ஓர் இரவு வேண்டும். 1891-இல் பிரான்சின் மிஷலின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தனர். அதன் பிறகே இந்த வேலை சுலபமாயிற்று.

சொல்யூஷன் காய்ந்ததும், மூலைகளை வட்டமாக வெட்டிய ரப்பர்த் துண்டை வைத்து நன்றாக அழுத்துங்கள். கூரான மூலை இருந்தால் அங்கிருந்து பிரியத் தொடங்கும். சக்கரத்தில் காற்று நிறைந்ததும் டியூப் டயரோடு நெருங்கி, ஒட்டை மேலும் இறுக்கிப் பிடிக்கும்.

மறுபாதி வேலை

டியூபை மாட்டிவிடாதீர்கள்! நீங்கள் அளந்த தூரத்தில், டயரின் உட்புறத்தைத் துணியால் துடையுங்கள். முள் இருந்தால் துணியில் மாட்டும், விரல் தப்பும். அதைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்போக் நுனி நீட்டியிருந்தால் அரத்தால் ராவி, அதன்மேல் ரிம் பட்டையைச் சரியாகப் பொருத்துங்கள். இரட்டை ஓட்டை என்றால், இனி வாரம் ஒருமுறை காற்றைச் சோதியுங்கள்.

டியூபில் கொஞ்சம் காற்றடித்து, முறுக்கில்லாமல் உள்ளே செலுத்தி, டயர் விளிம்பைக் கையாலேயே ஏற்றுங்கள். பட்டையால் நெம்பினால் புதிய ஓட்டை விழலாம். முள்ளை உள்ளேயே விட்டுவிட்டு ஒட்டினாலோ, எவ்வளவு நல்ல ஒட்டானாலும் அடுத்த தெருவில் மறுபடி காற்று இறங்கிவிடும்.