பேரனின் கால்களில் குறையில்லை
சிறு குழந்தைக்கு எடை குறைந்த பேலன்ஸ் பைக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சித்தன்னவாசல் மலையடிவாரத்திலிருந்து அண்மையில் ஒரு பாட்டி தம் பேரனை அழைத்துக்கொண்டு எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வந்திருந்தார். பேரனுக்கு இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வெளிநாட்டில் வேலை செய்யும் மகன், குழந்தையின் பிறந்தநாளுக்காக இணையக் கடை வழியே ஒரு பேலன்ஸ் பைக்கை அனுப்பியிருந்தார். பெடலும் சங்கிலியும் இல்லாமல், காலால் தரையை உந்தி ஓட்டும் சிறிய இருசக்கர வண்டி அது. ஏறிய முதல் நாளே குழந்தை வண்டியோடு சாய்ந்து விழுந்துவிட்டது. அன்று முதல் அதைக் கண்டாலே அழுகிறது.

“அம்மா, இவனுக்குக் கால் பலம் இல்லையோ என்று பயமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றரை வயதிலேயே ஓட்டுகிறான். மகன் போனில் கேட்கும்போதெல்லாம் பதில் சொல்ல முடியவில்லை” என்று அவர் எங்கள் மருத்துவரிடம் கூறினார்.

மருத்துவர் குழந்தையை நடக்கவும் ஓடவும் படியேறவும் குந்தி எழவும் வைத்துப் பார்த்தார். எல்லாம் வயதுக்கு ஏற்றவாறே இருந்தன. எடை 12 கிலோ, அதிலும் குறையில்லை. அடுத்த முறை வரும்போது வண்டியையும் எடுத்து வரும்படி கேட்டுக்கொண்டோம். வண்டியை நிறுத்துப் பார்த்தபோது 5 கிலோ 200 கிராம் இருந்தது. இருக்கையை எவ்வளவு இறக்கினாலும் 35 சென்டிமீட்டருக்குக் கீழே வரவில்லை. குழந்தையின் கவட்டிலிருந்து தரை வரையுள்ள அளவோ 32 சென்டிமீட்டர்தான். காரணம் குழந்தையின் கால்களில் இல்லை, வண்டியில் இருந்தது.

இவ்வாறு பொருந்தாத வண்டியால் குழந்தையைக் கோழை என்றோ பலவீனன் என்றோ எண்ணிக் கவலையுறும் குடும்பங்கள் பல இருக்கக்கூடும். அவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சைக்கிள் கற்ற மாவட்டம்

புதுக்கோட்டை மாவட்டத்துக்குச் சைக்கிள் கற்பது புதிய செய்தியன்று. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் அக்காலத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் பலர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினர். அதன் முன்கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதையே விரும்பி வாங்கியவர்களும் இருந்தனர்.

நம் பாட்டியும் அந்நாளில் கற்றவரே. “கேரியரைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி பின்னாலேயே ஓடி வருவாள். அவள் விட்டுவிட்டாள் என்று தெரியும்போது நான் பாதித் தெரு போயிருப்பேன்” என்று அவர் சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்தார். பேலன்ஸ் பைக்கின் அடிப்படையை விளக்க இதைவிடத் தெளிவான உதாரணம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. பெரியவர்கள் கற்கும்போது கேரியரைப் பிடிக்கும் தோழியே அவர்களுக்குத் துணை. பேலன்ஸ் பைக்கில் குழந்தைக்கு அத்துணை அதன் சொந்தக் கால்களே. வண்டி சாய்ந்தால் கால் தரையில் ஊன்றித் தாங்கும். கால் தரையைத் தொடாவிட்டாலோ, தாங்க முடியாத கனத்தில் வண்டி சாய்ந்தாலோ, அத்துணை இல்லாமற் போகிறது. அந்தக் குழந்தைக்கு நேர்ந்தது அதுவே.

பெடல் இல்லாத இரு சக்கர வண்டி இக்காலக் கண்டுபிடிப்பும் அன்று. 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய மரவண்டி, காலால் தரையை உந்திச் செல்வதாகவே இருந்தது. பெடல் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. சமநிலையை முதலிலும் மிதிப்பதைப் பின்னரும் கற்பதே சைக்கிளின் வரலாற்று வரிசை.

எப்போது தொடங்கலாம்?

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வின்படி, நலமான குழந்தைகளில் சிலர் எட்டு மாதத்திலேயே துணையின்றி நடக்கின்றனர். சிலர் பதினேழு மாதம் கடந்தே நடக்கின்றனர். எனவே வயதை மட்டும் வைத்து வண்டி வாங்க வேண்டாம். குழந்தை உறுதியாக நடந்து, ஓடத் தொடங்கிய பின்னரே வண்டி தேவை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஒன்றரை முதல் இரண்டரை வயதுக்குள் அமையும். பதினெட்டு மாதமாகியும் குழந்தை தனியே நடக்கவில்லையெனில், வண்டியைப் பற்றி எண்ணுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது எடை

வண்டியின் எடை குழந்தையின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இரண்டு வயதுக் குழந்தையின் இடைநிலை எடை, உலக சுகாதார நிறுவன அளவீட்டின்படி, ஆணுக்கு 12.2 கிலோ, பெண்ணுக்கு 11.5 கிலோ. ஆகவே இவ்வயதுக்கு மூன்றரை கிலோவுக்கு உட்பட்ட வண்டியைத் தேடுங்கள். மெலிந்த குழந்தைக்கு அதைவிடவும் குறைவாக இருக்க வேண்டும்.

இக்கணக்கைப் பெரியவர்களின் உடலுக்கு மாற்றிப் பாருங்கள். 12 கிலோ குழந்தை 5 கிலோ 200 கிராம் வண்டியைச் சமாளிப்பது, 60 கிலோ எடையுள்ள ஒருவர் 26 கிலோ அரிசி மூட்டையைக் கால்களுக்கிடையே சாயாமல் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு ஒப்பாகும். பாட்டியிடம் இதைச் சொன்னபோது, அவர் பேரனின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

பெட்டியின் மேல் எழுதியுள்ள எடையை மட்டும் நம்ப வேண்டாம். அது சில வேளைகளில் பெட்டியோடு சேர்ந்த எடையாக இருக்கும். வண்டியைக் கையில் பிடித்தபடி எடை பார்க்கும் இயந்திரத்தில் நின்று, பிறகு வண்டி இல்லாமல் நின்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டறியுங்கள். இணையக் கடையில் வாங்குவோர், திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

இரண்டாவது, இருக்கையின் உயரம்

குழந்தையைக் காலணியுடன் சுவரோரமாக நிற்க வையுங்கள். ஒரு மெல்லிய புத்தகத்தைக் கால்களுக்கிடையே கவடு வரை மெதுவாக உயர்த்தி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். வண்டியின் இருக்கை இந்த அளவைவிட 2 முதல் 4 சென்டிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிந்து, முழங்கால்கள் சற்று மடங்கியிருக்க வேண்டும். நுனிக்கால் மட்டும் எட்டினால் அந்த வண்டி இப்போதைக்கு வேண்டாம்.

“வளர்கிற பிள்ளைதானே, ஓர் அளவு பெரிதாகவே வாங்கலாம்” என்று சட்டைக்குச் சொல்வதை வண்டிக்குச் சொல்லாதீர்கள். இருக்கை மிகவும் தாழ இறங்கி, பிறகு 10 சென்டிமீட்டரேனும் உயரக்கூடிய வண்டியாக இருந்தால் அதுவே இரண்டு மூன்று ஆண்டுக்குப் போதும்.

டயர், சட்டம், பிற உறுப்புகள்

நுரை டயர் இலேசானது, காற்றடிக்க வேண்டியதில்லை. சீமைக் கருவேல முள்ளும் நெருஞ்சி முள்ளும் கிடக்கும் நம் ஊர்த் தரையில் இது பெரும் வசதி. ஆயினும் வழவழப்பான ஈரத் தரையில் சற்று வழுக்கும். காற்று டயர் தரையை நன்றாகப் பற்றும், கரடுமுரடான இடத்தில் அதிர்வைக் குறைக்கும். ஆனால் எடை கூடும், பஞ்சரும் ஆகும். சிமெண்ட் முற்றத்தில் ஓட்டும் இரண்டு வயதுக் குழந்தைக்கு நுரை டயரே போதும்.

சட்டம் அலுமினியமாக இருந்தால் எடை குறைவு. இரும்பு உறுதியானது, ஆனால் பெரும்பாலும் கனமானது. மர வண்டி அழகாக இருக்கும். மழையில் நனையாமல் காக்க வேண்டும். கைப்பிடி முனைகள் பருத்த மென்மையான ரப்பரால் மூடப்பட்டுள்ளனவா, சக்கர நடுவில் உள்ள போல்ட்டுகள் கால்களைக் கீறாதவாறு மறைந்துள்ளனவா என்று கையால் தடவிப் பாருங்கள். கைப் பிரேக்கை அழுத்தும் வலிமை இவ்வயதில் விரல்களுக்குப் போதாது, கால்களே பிரேக். அதனால் விரல்களை மூடிய காலணி அவசியம்.

இந்தியாவில் விற்கப்படும் விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வண்டியில் முத்திரை உள்ளதா என்று பாருங்கள். விலை உயர்ந்ததே நல்லது என்று எண்ண வேண்டாம். மேற்சொன்ன இரு அளவுகளும் பொருந்தும் எளிய வண்டி, பொருந்தாத விலையுயர்ந்த வண்டியைவிட மேலானது.

நடைவண்டியும் வாக்கரும்

“எங்கள் காலத்து நடைவண்டி போதாதா?” என்றும் அந்தப் பாட்டி கேட்டார். மூன்று சக்கர மர நடைவண்டி, எழுந்து நிற்கும் குழந்தை பிடித்துத் தள்ளி நடை பழகுவதற்கானது. நடை பழகியபின் சமநிலை பழகுவதற்கானது பேலன்ஸ் பைக். இரண்டும் இரு வேறு பருவத்துக்கு உரியவை. ஆனால் குழந்தையை உள்ளே உட்கார வைத்து உருளவிடும் வாக்கரை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அது நடையை விரைவுபடுத்துவதில்லை. படியிலிருந்து உருண்டு விழும் ஆபத்தும் உண்டு. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது.

பக்கச் சக்கரம் பொருத்திய சைக்கிளும் சமநிலையைக் கற்றுத்தராது. சாய்வை உணர்ந்து உடலைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை அது குழந்தைக்கு அளிப்பதில்லை.

ஓட்டும் இடமும் தலைக்கவசமும்

சமமான, வாகனம் வராத இடமே ஏற்றது. வீட்டு முற்றம், பள்ளி மைதானம், பூங்காவின் சமதளம் ஆகியவை நல்லவை. கண்மாய்க்கரை, கிணற்றடி, சரிவு, தெரு ஆகியவை கூடாது. சித்தன்னவாசலுக்குக் குழந்தையோடு செல்வோர் வண்டியைக் கீழேயே விட்டுச் செல்லுங்கள். ஏழடிப்பட்டத்துக்குச் செல்லும் பாறை வழி பெரியவர்களே கவனமாக அடி வைக்க வேண்டியது. வெயில் காலத்தில் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் ஓட்டவிடுங்கள்.

இரண்டு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 47 முதல் 48 சென்டிமீட்டர். நாடாவால் அளந்து அதற்கேற்ற தலைக்கவசம் வாங்குங்கள். அது புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் அமர வேண்டும். தாடைப் பட்டைக்கும் தாடைக்கும் இடையே ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். பலத்த அடிபட்ட தலைக்கவசத்தை மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.

வலிப்பு, இதய நோய், இரத்தம் உறையாமை, எலும்பு முறிவு, அண்மையில் அறுவை சிகிச்சை ஆகியவை உள்ள குழந்தையெனில் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். பலருக்கு அனுமதி கிடைக்கும்; எப்போது, எவ்வளவு என்பதே வேறுபடும்.

விழுந்து தலையில் அடிபட்ட குழந்தைக்கு நினைவு தவறுதல், மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்பினாலும் விழிக்காத உறக்கம், வலிப்பு, காது மூக்கிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வருதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

பழகும் முறை

முதல் சில நாள்கள் குழந்தை வண்டியில் உட்காராமல், அதைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு நடக்கும். நடக்கட்டும். பிறகு தானே உட்காரும், பிறகு உந்தும், ஒரு நாள் இரு கால்களையும் தூக்கிச் சிறிது தூரம் செல்லும். இதற்குச் சில நாள்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். கைப்பிடியைப் பிடித்து இழுக்காதீர்கள், முதுகில் தள்ளாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவே செய்யாதீர்கள்.

அந்தப் பாட்டியின் மகன், நாங்கள் எழுதிக்கொடுத்த அளவுகளைப் பார்த்து வேறொரு வண்டியை வாங்கியனுப்பினார். எடை 3 கிலோ. இருக்கை உயரம் 29 சென்டிமீட்டர். பழைய வண்டி, குழந்தை வளரும்வரை பரணில் இருக்கட்டும் என்று வைக்கப்பட்டுள்ளது. தடுப்பூசிக்கு வந்தபோது விசாரித்தோம். பேரன் இன்னும் கால்களைத் தூக்கி ஓட்டவில்லையாம். ஆனால் காலையில் எழுந்ததும் வண்டியைத் தேடுகிறானாம். அப்பத்தாவையும் உடன் நடந்து வரச் சொல்கிறானாம்.

வண்டி வாங்க எண்ணும் பெற்றோர், அடுத்த முறை குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்து வரும்போது எங்கள் செவிலியரிடம் கேளுங்கள். எடையையும் கால் அளவையும் தலைச் சுற்றளவையும் ஒரு சீட்டில் எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டோடு கடைக்குச் செல்லுங்கள்.